ஒரு புகைப்படத்தை உற்றுப் பார்க்கும் முறை

புகைப்படத்தில் இருப்பவர் யார், இடம் எது என்று தேடுவதற்கு முன், கோடு, வடிவம், ஒளி, வெற்றிடம் ஆகியவை அதில் எவ்வாறு அமைந்துள்ளன என்று பார்க்க வேண்டும். பயிற்சிக்கு, பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான் 1932-இல் பாரிஸின் சான் லசார் ரயில் நிலையத்தின் பின்புறம் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துக்கொள்ளலாம். தேங்கிய நீரைத் தாண்டக் குதித்த ஒருவர், கால் நீரில் படுவதற்குச் சற்று முன் அதில் பதிவாகியிருக்கிறார்.

முதலில் கண்களைச் சுருக்கிப் பாருங்கள். நுணுக்கங்கள் மங்கி, வெளிறிய நீர்ப்பரப்பின் மேல் ஒரு கரிய உருவம் மட்டும் எஞ்சும். பார்வை அங்கே ஈர்க்கப்படுவதற்கு இந்த ஒளி வேறுபாடே காரணம். அடுத்து கோடுகள்: பின்னணியில் வேலிக் கம்பிகள் செங்குத்தாக அசைவின்றி நிற்க, நீரில் கிடக்கும் ஏணியும் அதைச் சுற்றிய சிற்றலைகளும் அவர் எங்கிருந்து தாவினார் என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன. பிறகு ஒத்த வடிவங்களைத் தேடுங்கள். விரிந்த கால்கள் நீரில் தலைகீழாகத் தெரிகின்றன. பின்னாலுள்ள சுவரொட்டியிலோ ஒரு நடனக் கலைஞர் எதிர்த்திசையில் தாவுகிறார்.

வெற்றிடத்தைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. குதிகாலுக்கும் நீருக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியை விரலால் மறைத்துப் பார்த்தால், படத்தின் பதற்றம் முழுவதும் வடிந்துவிடும்.

இறுதியாகச் சட்டத்தின் ஓரங்களைப் பாருங்கள். அவர் வலது ஓரத்தை நெருங்கிவிட்டதால், கால் ஊன்ற இடமே இல்லாததுபோல் தோன்றுகிறது. எடுத்த படங்களின் ஓரங்களை வெட்டுவதை விரும்பாத கார்ட்டியர் பிரெஸ்ஸான், வேலி இடுக்கு வழியே எடுத்த இதை விதிவிலக்காக வெட்டினார்.