விலை உயர்ந்த ஐஸ் பாக்ஸ் வாங்கலாமா? கணக்குப் போட்டு முடிவு செய்வது எப்படி

ஐஸ் பாக்ஸ் எதையும் குளிர வைப்பதில்லை. வெளியே இருக்கும் சூடு உள்ளே வருவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். குளிர வைக்கிற வேலை முழுக்க ஐஸுடையது. ஒரு கிலோ ஐஸ் முழுதாக உருகுவதற்குள் 334 கிலோஜூல் சூட்டை விழுங்கும். பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ ஐஸை மிச்சம் பிடிக்கிறது என்று பார்த்தாலே பாதிக் கேள்விக்குப் பதில் வந்துவிடும்.

'10 நாள் ஐஸ் நிற்கும்' என்ற விளம்பர வாசகத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். பெட்டி நிறைய ஐஸைக் கொட்டி, மூடியைத் திறக்காமல், கடைசித் துண்டு உருகும்வரை எண்ணிய நாட்களாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும். பாதி இடத்தில் சாப்பாடும் பாட்டிலும் வைத்து யாரும் அப்படிச் சோதிப்பதில்லை.

காசு எதற்குப் போகிறது

விலை உயர்ந்த பெட்டிகள் ரோட்டோமோல்டிங் முறையில் வருகின்றன. பாலிஎதிலீன் தூளை அச்சுக்குள் போட்டு, சூட்டில் சுழற்றி, ஒட்டே இல்லாத ஒரே ஓடாக எடுப்பார்கள். பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகள் உருவாவதும் இப்படித்தான். அந்த ஓட்டுக்குள் சுமார் 5 செ.மீ., சிலவற்றில் அதற்கும் மேல், பாலியூரித்தேன் நுரை நிரப்புகிறார்கள். கடைக்காரர்கள் 'பஃப்' என்பது இதைத்தான். மூடியைச் சுற்றி, ஃப்ரிட்ஜ் கதவில் இருப்பதுபோல ரப்பர் கேஸ்கெட். 2006-இல் தொடங்கிய யெட்டி நிறுவனம் இந்த வகையைப் பிரபலமாக்கியது. இப்போது பல பெயர்களில் ஏறக்குறைய அதே பெட்டி கிடைக்கிறது. மலிவான பெட்டியிலோ 2 செ.மீ. தெர்மாகோல் அல்லது மெல்லிய நுரைதான். மூடிக்குள் பல சமயம் வெறும் காற்று.

ரோட்டோமோல்டிங் என்பது பெட்டியின் உறுதிக்கு. ஏறி நிற்கலாம், வண்டியிலிருந்து விழுந்தாலும் உடையாது, கீல் கழன்று வராது. குளிருக்கும் அதற்கும் அதிக சம்பந்தமில்லை. குளிரைக் காப்பது நுரையின் தடிமனும் மூடியின் இறுக்கமும்தான். ஒட்டுப் போட்டுச் செய்த சாதாரணப் பெட்டியிலும் 3 செ.மீ. பஃப் இருந்தால் அது நன்றாகவே வேலை செய்யும்.

உள்ளே சுமார் 50 லிட்டர் கொள்ளும் பெட்டியை நிழலில் வைத்திருக்கிறீர்கள், வெளியே 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சுவரின் பரப்பு, நுரையின் வெப்பம் கடத்தும் தன்மை இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு உருகும் ஐஸ் ஏறத்தாழ இப்படி வரும்:

- 2 செ.மீ. தெர்மாகோல் சுவர்: 11 கிலோ
- 3 செ.மீ. பஃப் சுவர்: 6 கிலோ
- 5 செ.மீ. பஃப் சுவர்: 4 கிலோ

மூடி நாற்புறமும் நுரை நிறைந்து இறுக்கமாக மூடுகிறது என்று எடுத்துக்கொண்ட கணக்கு இது. வெற்று மூடி என்றால் முதல் எண் இன்னும் ஏறும். இந்த மூன்று எண்களுக்குள் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். மலிவுப் பெட்டியிலிருந்து நடுத்தரப் பெட்டிக்கு மாறினாலே 5 கிலோ மிச்சம். அங்கிருந்து உச்ச விலைப் பெட்டிக்குப் போனால் கூடுதலாக மிஞ்சுவது 2 கிலோதான். விலையோ அந்த இரண்டாவது தாவலில்தான் எகிறுகிறது.

உங்கள் கணக்கு

இரண்டு பெட்டிகளின் விலை வித்தியாசத்தை எடுத்து, நீங்கள் வாங்கும் ஒரு கிலோ ஐஸின் விலையால் வகுங்கள். வரும் எண்ணை மேலே சொன்ன தினசரி மிச்சத்தால் வகுங்கள். எத்தனை நாள் பயன்படுத்தினால் போட்ட காசு திரும்பும் என்பது தெரியும். உதாரணமாக, நடுத்தரப் பெட்டிக்கும் உச்ச விலைப் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் 400 கிலோ ஐஸின் விலைக்குச் சமம் என்றால், 400-ஐ 2-ஆல் வகுக்க 200 நாள். வருடத்தில் 10 நாள் வெளியே போகிறவருக்கு இது 20 வருடக் கணக்கு. தினமும் மீனோ பாலோ ஏற்றி விற்கிறவருக்கு ஏழு மாதத்துக்குள் முடிந்துவிடும்.

ஐஸை வீட்டு ஃப்ரீசரிலேயே உறைய வைக்கிறவருக்கு இந்தக் கணக்கில் மிச்சம் என்று பெரிதாக எதுவும் வராது. அவர் பார்க்க வேண்டியது வேறு: நடுவில் ஐஸ் கிடைக்காத இடத்தில் எத்தனை நாள் இருக்கப் போகிறார்? 15 கிலோ ஐஸோடு கிளம்பினால், பெட்டியையும் பொருளையும் குளிர வைக்கப் போவதைக் கழித்தபின், மலிவுப் பெட்டி ஒரு நாள் தாங்கும், நடுத்தரம் இரண்டு நாள், தடித்த பெட்டி மூன்று நாள். கடலுக்குள்ளோ காட்டுக்குள்ளோ மூன்று நாள் இருப்பவர் தடித்த பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம். தினமும் ஐஸ் வாங்கிக் கொட்ட முடிந்த இடம் என்றால் அந்தக் காசு வீண்.

ஒருநாள் சுற்றுலாவுக்கு உச்ச விலைப் பெட்டி சில சமயம் பாதகமாகக்கூட முடியும். காலியாகவே 10 கிலோ எடை உள்ள பெட்டி வெயிலிலோ சூடான அறையிலோ இருந்திருந்தால், அதன் உட்சுவரைக் குளிர வைக்கவே முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை ஐஸ் கரையும். லேசான பெட்டிக்கு இந்த ஆரம்பச் செலவு மிகக் குறைவு. எடையையும் யோசியுங்கள். 10 கிலோ பெட்டி, 15 கிலோ ஐஸ், 12 கிலோ பொருள் சேர்ந்தால் 37 கிலோ. தூக்க இரண்டு ஆள் வேண்டும். இடமும் அப்படியே. வெளிஅளவு 65 × 42 × 40 செ.மீ. என்றால் வண்டியில் 109 லிட்டர் இடத்தை அடைக்கும். சுற்றிலும் 5 செ.மீ. சுவர் போக உள்ளே கிடைப்பது 53 லிட்டர்.

கரடியால்கூடத் திறக்க முடியாது என்ற சான்றிதழையும் சில பெட்டிகள் பெருமையாகச் சொல்லும். அமெரிக்காவில் நிஜக் கரடிகளிடம் பெட்டியைக் கொடுத்தே சோதிக்கிறார்கள். சோதனை, பெட்டிக்குப் பூட்டுப் போட்ட நிலையில் நடக்கிறது. பூட்டில்லாமல் வைத்தால் சான்றிதழ் இருந்தும் பயனில்லை. கரடியே இல்லாத ஊரில் அந்தச் சான்றிதழுக்குத் தனியாகக் காசு கொடுப்பானேன்?

கடையில் பார்க்க வேண்டியவை

முதலில் மூடியை விரலால் தட்டுங்கள். 'டொக் டொக்' என்று வெறும் டப்பா போலக் கேட்டால் உள்ளே நுரை இல்லை. மந்தமாகக் கேட்டால் இருக்கிறது.

அடுத்து ஒரு துண்டுத் தாளை விளிம்பில் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி வைத்து மூடியைப் பூட்டி, தாளை இழுங்கள். இழுக்கும்போது பிடிமானம் தெரிய வேண்டும். நான்கு பக்கமும், முக்கியமாக நான்கு மூலைகளிலும் இதைச் செய்யுங்கள். எங்காவது தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே காற்று போகும். கீல் இருக்கும் பின்பக்கம்தான் பெரும்பாலும் மாட்டும்.

சுவரின் தடிமனைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம், அளந்துவிடுங்கள். வெளி அகலத்திலிருந்து உள் அகலத்தைக் கழித்துப் பாதியாக்கினால் போதும். அடியிலும் பாருங்கள், பக்கச்சுவர் தடிமனாக இருந்து அடிப்பகுதி மெலிந்திருக்கும் பெட்டிகள் உண்டு. தண்ணீர் வெளியேற்றும் திருகு மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா, கேஸ்கெட்டைக் கழற்றி மாற்ற முடியுமா, கீலும் கொக்கியும் தனியாகக் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். பத்து வருடம் உழைக்கும் என்று சொல்லி விற்கும் பெட்டிக்கு உதிரிபாகம் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை.

அடுக்கும் முறை

எந்தப் பெட்டியாக இருந்தாலும் ஐஸ் நிற்கும் நாட்களில் பெரும்பங்கு இங்கேதான் தீர்மானமாகிறது. 330 மி.லி. டின் 24-ஐ 30 டிகிரி சூட்டோடு அப்படியே உள்ளே வைத்தால், அவற்றைக் குளிர வைக்க மட்டும் 2.8 கிலோ ஐஸ் போய்விடும். தடித்த பெட்டி ஒரு நாளில் செலவழிக்கும் ஐஸில் முக்கால் பங்கு அது! உச்ச விலை கொடுத்து வாங்கிய நன்மையை ஒரு பெட்டி சூடான டின் முதல் மணி நேரத்திலேயே தின்றுவிடுகிறது.

1. முந்தின இரவே பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து, 3 கிலோ ஐஸோ உறைந்த தண்ணீர் பாட்டில்களோ போட்டு மூடிவையுங்கள். 12 மணி நேரம் போதும். காலையில் அந்த ஐஸை எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

2. வைக்கப்போகும் பொருள் எல்லாம் ஒரு நாள் முழுக்க ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். இரண்டாம், மூன்றாம் நாளுக்கான இறைச்சியை உறைய வைத்தே எடுத்து வாருங்கள். அதுவும் ஐஸின் வேலையைச் செய்யும்.

3. அடியில் பெரிய ஐஸ் பார்களோ உறைந்த பாட்டில்களோ. உறையும்போது தண்ணீர் 9 சதவீதம் விரியும் என்பதால் பாட்டிலில் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு நிரப்புங்கள். அதன்மேல் பொருட்கள், இடுக்குகளில் சிறு ஐஸ் கட்டிகள், மேலேயும் ஒரு அடுக்கு ஐஸ். மூன்று நாள் பயணத்துக்குப் பொருளைப் போல இரண்டு மடங்கு ஐஸ், ஒருநாள் பயணத்துக்குச் சம அளவு.

4. மேலே காலி இடம் இருந்தால் மடித்த துண்டையோ யோகா பாய் போன்ற நுரை விரிப்பையோ அளவாக வெட்டி ஐஸின் மேல் படியும்படி வையுங்கள்.

5. நிழலில், தரையிலிருந்து சற்று உயர்த்தி வையுங்கள். வெயிலில் அடர்நிற மூடி 50 டிகிரியைத் தாண்டிச் சுடும். மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டால்கூடப் பலன் தெரியும்.

பனிப் படலம் படிந்த ஃப்ரீசர் ஐஸ் கிடைத்தால் அதையே வாங்குங்கள். மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் ஐஸ், உருகத் தொடங்கும் முன்பே கிலோவுக்கு 38 கிலோஜூல் சூட்டை வாங்கிக்கொள்ளும். கடையிலேயே நனைந்து பளபளக்கும் ஐஸில் அந்தப் பதினோரு சதவீதம் ஏற்கெனவே போய்விட்டது.

மூடியைத் திறந்தாலே குளிர் எல்லாம் போய்விடும் என்று பிள்ளைகளைத் திட்டுவதில் பெரிய நியாயம் இல்லை. 50 லிட்டர் காற்று முழுக்க மாறினாலும், காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்து, கரைவது 12 கிராம் ஐஸ் அளவுதான். திறந்து போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்பதும், சூடான பாட்டிலை இடையில் சொருகுவதும்தான் கேடு.

உருகிய தண்ணீரை வடிக்கலாமா? பாட்டிலும் டின்னும் மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். ஐஸ் மிதக்கும் தண்ணீர் 0 டிகிரியை ஒட்டியே இருக்கும், பாட்டிலைச் சுற்றி முழுதாகத் தொட்டுக் குளிர வைக்கும். இறைச்சி, மீன், பிரிக்கப்பட்ட உணவுப் பொட்டலம் இருந்தால் வடித்தே ஆக வேண்டும். நனைந்த பொட்டலத்திலிருந்து கசியும் நீர் மற்ற எல்லாவற்றையும் கெடுக்கும்.

ஐஸ் மிச்சம் இருக்கிறது என்பதாலேயே உணவு பத்திரம் என்று நம்பிவிடாதீர்கள். அடியில் ஐஸ் கிடக்க, மேல்தட்டில் இருக்கும் தயிர் 10 டிகிரிக்குப் போயிருக்கும். சிறு தெர்மாமீட்டர் ஒன்றை மேலே இருக்கும் உணவுக்கு நடுவில், ஐஸைத் தொடாமல் வையுங்கள். 5 டிகிரிக்குள் நிற்க வேண்டும். கெடக்கூடிய பொருள் அதைத் தாண்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

உப்பு போட்டால் ஐஸின் வெப்பநிலை 0-க்குக் கீழே இறங்கும், ஆனால் ஐஸ் சீக்கிரம் கரையும். பாட்டிலை அவசரமாகக் குளிர வைக்க உதவும். நாள் கணக்கில் வைத்திருக்க உதவாது.

பழைய பெட்டியைத் தேற்ற

மூடி வெற்றாக இருக்கும் மலிவுப் பெட்டி கையில் இருந்தால், புதிது வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். மூடியின் உட்பக்கத்தில் 10 செ.மீ.க்கு ஒன்றாக 6 மி.மீ. துளைகள் போடுங்கள். மேல்பக்க ஓடு வரை டிரில் போய்விடாமல் இருக்க, முனையிலிருந்து 1 செ.மீ. விட்டு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். கதவு, ஜன்னல் சட்டத்துக்கு அடிக்கும் குறைவாக விரியும் ஸ்ப்ரே நுரையை, குழாயை உள்ளே விட்டு ஒவ்வொரு துளையிலும் மூன்றில் ஒரு பங்கு அளவு அடியுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோலில் ஒட்டினால் லேசில் போகாது. ஒரே மூச்சில் நிரப்பினால் இரண்டு தொல்லை: விரியும் வேகத்தில் மூடி உப்பி, பிறகு சரியாக மூடாது, இந்த நுரை காற்றின் ஈரத்தால்தான் இறுகும் என்பதால் நடுவில் பசையாகவே தங்கிவிடும். ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவையாக நிரப்புங்கள். அதுவரை மூடியைச் சமதளத்தில் வைத்து மேலே எடை ஏற்றி வையுங்கள். வெளியே வழிந்ததைக் கத்தியால் சீவி, துளைகளை சிலிக்கானால் அடைத்துவிடுங்கள். விளிம்பைச் சுற்றி 6 மி.மீ. ஒட்டும் ரப்பர் நுரைப் பட்டை ஒட்டி, தாள் சோதனையை மறுபடி செய்யுங்கள். கொக்கி மாட்ட முடியாத அளவு பட்டை தடித்துவிட்டால் 3 மி.மீ.க்கு மாற்றுங்கள்.

கேஸ்கெட் உள்ள பெட்டியில் மூடி திடீரென ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தால் பயப்பட ஒன்றுமில்லை. உள்ளே அடைபட்ட காற்று குளிர்ந்து சுருங்கியிருக்கிறது. தண்ணீர் வெளியேற்றும் மூடியைச் சற்றுத் திருகித் தளர்த்தினால் காற்று புகுந்து திறந்துவிடும்.

ட்ரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) போடுவதானால் எதிர்ச் சிக்கல். மைனஸ் 78.5 டிகிரியில் இருக்கும் அது நேராக வாயுவாக மாறுவதால், இறுக்கி மூடிய பெட்டிக்குள் அழுத்தம் ஏறும். அதே திருகு மூடியை எப்போதும் சற்றுத் தளர்த்தியே வையுங்கள். வெறும் கையால் தொடாதீர்கள், சுவரில் நேராகப் படாமல் அட்டையில் சுற்றுங்கள், கண்ணாடி ஏற்றிய காருக்குள் வைக்காதீர்கள். பெட்டி ட்ரை ஐஸுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள்.

ஐந்து நாளுக்கு மேல் போகும் பயணம், வண்டியில் மின்சாரமும் உண்டு என்றால், உச்ச விலை ஐஸ் பாக்ஸை வாங்கும் முன் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜின் விலையையும் விசாரித்துவிடுங்கள். ஐஸே வேண்டாம், எதுவும் நனையாது, உள்ளே இருக்கும் இடம் முழுக்க சாமானுக்கு. கம்ப்ரசர் இல்லாமல் மின்சாரத் தகடு ஒன்றால் குளிர வைக்கும் பெல்டியர் வகைப் பெட்டியோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வெளி வெப்பநிலையைவிட 15 முதல் 20 டிகிரிதான் குறைக்கும். வெளியே 38 என்றால் உள்ளே 18-க்குக் கீழே போகாது.