மோட்டார் பேரிங் போய்விட்டதா? குவாண்டம் கெர்னலில் கண்டுபிடிக்கும் முறை

கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு பக்கம் மோட்டார் பட்டறைகளில் தினமும் கேட்கும் கேள்வி இது: "பேரிங் போயிருச்சுங்களா?" குவாண்டம் மெஷின் லேர்னிங் பழக இது அருமையான கணக்கு. தரவு சிறியது, சரியான விடை மோட்டாரைப் பிரித்தால் தெரிந்துவிடும். கெர்னல் என்பது இரண்டு பதிவுகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று சொல்லும் எண்; அதை இங்கே குவாண்டம் சர்க்யூட்டில் கணக்கிடுகிறோம். ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: இந்த அளவுத் தரவில் சாதாரண எஸ்.வி.எம்.மை (தரவை இரு வகையாகப் பிரிக்கும் பழைய மெஷின் லேர்னிங் முறை) குவாண்டம் முறை மிஞ்சும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டையும் நேர்மையாக ஒப்பிடக் கற்றுக்கொள்வதுதான் இங்கே வேலை.

1 எச்.பி. மோனோபிளாக் பம்புகள் 20 வேண்டும். பாதி நல்லவை, பாதி பேரிங் கெட்டவை. அதிர்வு சென்சாரை (ஏ.டி.எக்ஸ்.எல். 345 போதும், விநாடிக்கு 3200 அளவீடு வரை தரும்) பேரிங் ஹவுசிங் மேல் ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். டேப்பில் ஒட்டினால் வேகமான அதிர்வுகள் டேப்பிலேயே அமுங்கிவிடும். தண்ணீர் இறைக்கும்போதே பதிவு எடுங்கள். வெறுமனே ஓட்டினால் சீல் கருகும். மோட்டாருக்கு 2 விநாடிப் பதிவு 5 வீதம் மொத்தம் 100 பதிவுகள். நல்லது, கெட்டது என்று குறிப்பதை சத்தத்தை வைத்துச் செய்யாமல், மெக்கானிக் புல்லர் போட்டுக் கழற்றி, கையில் சுற்றிப் பார்த்த பிறகே செய்யுங்கள்.

ஒவ்வொரு பதிவிலிருந்தும் நான்கு எண்கள்: அதிர்வின் ஆர்.எம்.எஸ். (மொத்த அதிர்வின் பலம்), கர்ட்டோசிஸ் (அதிர்வில் திடீர்க் குத்துகள் எவ்வளவு என்று காட்டும் அளவு), மோட்டார் இழுக்கும் ஆம்பியர், ஹவுசிங் சூடு. நான்கு எண்களுக்கு நான்கு க்யூபிட் (குவாண்டம் கணினியின் பிட்). நல்ல பேரிங்கில் கர்ட்டோசிஸ் 3-ஐ ஒட்டி இருக்கும்; குழி விழத் தொடங்கினால் ஏறும். பேரிங் முழுதாகத் தேய்ந்துவிட்டால் மறுபடி இறங்கவும் செய்யும். அதனால்தான் ஆர்.எம்.எஸ்.ஸும் கூடவே வேண்டும்.

அடுத்தது பலரும் சறுக்கும் இடம். 100 பதிவுகளையும் கலைத்துப் பிரித்தால் ஒரே மோட்டாரின் பதிவுகள் பயிற்சியிலும் சோதனையிலும் விழும். மாடல் பேரிங்கைப் படிக்காமல் மோட்டாரை மனப்பாடம் செய்துவிடும். 98 சதவீதம் என்று காட்டும், புது மோட்டாரில் கவிழும். மோட்டார் வாரியாகப் பிரியுங்கள்: பயிற்சிக்கு 12 மோட்டார் (60 பதிவு), சோதனைக்கு 8 (40 பதிவு).

பென்னிலேன் (குவாண்டம் சர்க்யூட்டுக்கு), சைக்கிட்-லேர்ன் (எஸ்.வி.எம்.முக்கு) என்ற பைதான் நூலகங்கள் இரண்டையும் நிறுவிக்கொள்ளுங்கள். எண்கள் குவாண்டம் சர்க்யூட்டில் (க்யூபிட்கள் மேல் செய்யும் செயல்களின் வரிசை) கோணங்களாக நுழைகின்றன. கோணம் 2π-ஐத் தாண்டினால் சுற்றி வந்து பழைய இடத்திலேயே நிற்கும். 70 டிகிரி சூட்டை அப்படியே கொடுத்தால் குப்பைதான் வரும். எனவே பயிற்சித் தரவின் சிறும, பெரும அளவுகளை மட்டும் வைத்து எல்லாவற்றையும் 0 முதல் 1 வரை சுருக்குங்கள்.

சர்க்யூட் எளிது: முதல் பதிவை ஏற்றுங்கள், இரண்டாவது பதிவின் சர்க்யூட்டைத் தலைகீழாக ஓட்டுங்கள், எல்லா க்யூபிட்டும் 0 ஆக வரும் நிகழ்தகவைப் பாருங்கள். அதுதான் கெர்னல் மதிப்பு. ஏற்றுவதற்கு ஆங்கிள் எம்பெடிங் (ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு க்யூபிட்டைச் சுழற்றுவது) மட்டும் போட்டால், வருவது ஒவ்வொரு எண்ணின் வித்தியாசத்தில் பாதிக்கு கோசைன் வர்க்கம் எடுத்து, எல்லாவற்றையும் பெருக்கிய விடைதான். கால்குலேட்டரே போடும் அந்தக் கணக்குக்குக் குவாண்டம் எதற்கு? ஐ.க்யூ.பி. எம்பெடிங் என்ற இன்னொரு ஏற்றும் முறையை 2 முறை அடுக்கிப் போடுங்கள். அது எண்களை ஜோடி ஜோடியாகப் பெருக்கி க்யூபிட்களைப் பிணைக்கும். அங்கே 0 முதல் π வரை விட்டால் பெருக்கல் 9.87 வரை போய் 2π-ஐத் தாண்டிவிடும். 0–1 அளவு அதனாலும் அவசியம்.

க்யூபிட்டைக் கூட்டினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். முன்பு சொன்ன கோசைன் வர்க்கப் பெருக்கலிலேயே பாருங்கள்: ஒவ்வொரு எண்ணிலும் வித்தியாசம் 1 ரேடியன் என்றால், 4 க்யூபிட்டில் மதிப்பு 0.35, 12-ல் 0.044, 20-ல் 0.005. 1000 ஷாட்டில் (சர்க்யூட்டை ஒருமுறை ஓட்டி அளப்பது ஒரு ஷாட்) எல்லாம் 0 என்பது ஐந்தாறு முறைதான் விழும், அதுவும் பாதி அதிர்ஷ்டம். எல்லாப் பதிவும் மற்றதிலிருந்து ஒரே தூரத்தில் தெரியும். மாடலுக்குப் பிடிமானம் இருக்காது. கோணங்களை 0.3, 0.5, 1 என்று பெருக்கிப் பார்த்துப் பொருந்துவதை எடுங்கள்.

எல்லா ஜோடிகளின் கெர்னல் மதிப்புகளும் அடங்கிய அணியை எஸ்.வி.சி.யில் (சைக்கிட்-லேர்னின் எஸ்.வி.எம்.) 'பிரீகம்ப்யூட்டட்' என்று கொடுத்து, சி மதிப்பை (தவறுகளுக்கு எவ்வளவு கண்டிப்பு என்பது) 0.1 முதல் 100 வரை குரூப் கே-ஃபோல்டில் (பயிற்சி மோட்டார்களை மோட்டார் வாரியாகப் பிரித்து மாற்றி மாற்றிச் சோதிப்பது) தேடுங்கள். சாதாரண எஸ்.வி.எம்.மின் ஆர்.பி.எஃப். கெர்னலுக்கும் அதே பிரிவு, அதே அளவு தேடல் கொடுங்கள். ஒன்றை நன்றாக டியூன் செய்துவிட்டு இன்னொன்றை அப்படியே விட்டால் ஒப்பீடு செல்லாது.

இவ்வளவும் லேப்டாப் சிமுலேட்டரில் முடியும். நிஜக் கருவிக்குப் போகும்முன் எண்ணிப் பாருங்கள்: பயிற்சிக்கு 1770 சர்க்யூட், சோதனைக்கு 2400, ஒவ்வொன்றுக்கும் 1000 ஷாட் என்றால் 41,70,000 ஷாட். குவாண்டம் கருவிகளில் கிடைக்கும் இலவச நேரத்தில் அடங்குவது கடினம். 6 மோட்டாரோடு தொடங்குங்கள். ஒரு பதிவை அதனோடே ஒப்பிட்டால் 1 வர வேண்டும், 0.9 வந்தால் அது கருவியின் இரைச்சல். ஒவ்வொரு ஜோடியின் மதிப்பையும், அந்த இரண்டு பதிவுகளும் தம்மோடே தந்த மதிப்புகளைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, அதால் வகுத்தால் ஓரளவு சரியாகும். பிறகு பயிற்சி அணியின் ஐகன் மதிப்புகளில் (சரியான கெர்னல் அணியில் இவை மைனஸில் போகாது) மைனஸ் இருந்தால் 0 ஆக்கி, அணியைத் திரும்பக் கட்டி எஸ்.வி.சி.க்குக் கொடுங்கள்.