சிறு அமைப்புக்கும் இளைஞர் திட்டத்துக்கும் நிதியுதவி தேடும் வழி

எடுத்த எடுப்பிலேயே விண்ணப்பம் எழுத உட்காராதீர்கள். சிறு அமைப்புகளின் விண்ணப்பங்கள் பலவும் பொருத்தமில்லாத இடத்துக்குப் போய்த்தான் திரும்பி வருகின்றன. சிறுவர்களுக்கு மட்டும் கொடுக்கும் அறக்கட்டளைக்கு இருபது வயதுக்காரர்களுக்கான திட்டம் போகிறது. கட்டட வேலைக்குக் காசு தராத இடத்தில் கூரை மாற்றக் கேட்கிறார்கள். சின்னத் தொகைகளாகப் பிரித்துக் கொடுப்பவரிடம் மூன்று வருட முழுச் செலவையும் கேட்கிறார்கள். எவ்வளவு நன்றாக எழுதினாலும் இது தேறாது. மொத்த உழைப்பில் பாதியையாவது யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொள்ளச் செலவிடுங்கள்.

அதற்கும் முன்னால் உங்கள் கோப்பு தயாராக இருக்க வேண்டும்.

கோப்பில் இருக்க வேண்டியவை

பதிவுச் சான்றிதழ், டிரஸ்ட் பத்திரம் அல்லது சங்க விதிகள், நிர்வாகிகள் பட்டியல், அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு, கடந்த ஆண்டுகளின் வரவு செலவுக் கணக்கு. இவை எல்லாரும் கேட்பவை. இதில் அடிக்கடி சறுக்குவது பெயர். பதிவில் ‘நலச் சங்கம்’, வங்கியில் ‘நல அறக்கட்டளை’ என்று இருந்தால், தொகை ஒப்புதலான பிறகும் பணம் வாரக்கணக்கில் நின்றுவிடும். பதிவுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, வரி ஆவணம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

வங்கியில் குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்றிருக்க வேண்டும். அந்த இருவரும் கணவன் மனைவியாகவோ ஒரே வீட்டுக்காரர்களாகவோ இருக்கக் கூடாது. நிர்வாகக் குழு முழுவதும் ஒரே குடும்பம் என்றால் பல நன்கொடையாளர்கள் மேற்கொண்டு படிப்பதே இல்லை. அமைப்பு கலைக்கப்பட்டால் மிச்சச் சொத்து அதே நோக்கமுள்ள வேறு அமைப்புக்குப் போகும் என்ற விதி உங்கள் பத்திரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் இப்போதே திருத்துங்கள். திருத்தத்துக்குப் பொதுக்குழு, பதிவாளர் என்று நாள் பிடிக்கும்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களோடு வேலை செய்கிறீர்கள் என்றால் சிறார் பாதுகாப்புக் கொள்கை கட்டாயம். இரண்டு பக்கம் போதும். பொறுப்பாளர் யார், தன்னார்வலரைச் சேர்க்கும்முன் என்ன விசாரிக்கிறீர்கள், புகார் வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் யாரிடம் போகும், படம் எடுக்க யாரிடம் சம்மதம் வாங்குகிறீர்கள் என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். இணையத்தில் கிடைத்ததை அப்படியே எடுத்து, பழைய அமைப்பின் பெயரை மூன்றாம் பக்கத்தில் விட்டுவைப்பது அடிக்கடி நடக்கிறது. படிப்பவர் கண்ணில் அது உடனே படும், அதற்குப் பிறகு மற்ற எதையும் அவர் நம்ப மாட்டார்.

இன்னும் பதிவாகாத இளைஞர் குழு என்றால், பதிவுள்ள ஓர் அமைப்பைத் தாய் அமைப்பாக வைத்துக்கொண்டு கேட்கலாம். பணம் அவர்கள் கணக்குக்கு வரும், கணக்கும் பொறுப்பும் அவர்களுடையது. நிர்வாகச் செலவுக்கு அவர்கள் எத்தனை சதவீதம் எடுப்பார்கள், வாங்கிய பொருள் திட்டம் முடிந்ததும் யாருக்குச் சொந்தம் என்பதை முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள். இந்தியாவில் வெளிநாட்டுப் பணத்துக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தம், வாங்கிய தொகையை வேறொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதைத் தடை செய்துவிட்டது. தாய் அமைப்பே திட்டத்தைத் தன் பொறுப்பில் நேரடியாக நடத்தினால்தான் உண்டு.

யார், யாருக்கு, எவ்வளவு கொடுத்தார்கள்

நன்கொடையாளரின் இணையதளத்தில் ‘எங்கள் நோக்கம்’ என்று எழுதியிருப்பதைவிட, சென்ற இரண்டு மூன்று வருடங்களில் அவர் யாருக்குக் கொடுத்தார் என்ற பட்டியல்தான் உண்மையைச் சொல்லும். அந்தப் பட்டியல் பல நாடுகளில் பொதுவெளியில் கிடைக்கிறது.

அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்கு 990-பி.எஃப். படிவம் தர வேண்டும். கொடுத்த ஒவ்வொரு தொகையும், பெற்றவர் பெயரும், நோக்கமும் அதில் இருக்கும். புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் ‘நான்ப்ராஃபிட் எக்ஸ்ப்ளோரர்’ தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பிரிட்டனில் ‘கிராண்ட்நேவ்’ என்ற இலவசத் தேடல் தளம் இருக்கிறது, அதில் சேராத இங்கிலாந்து, வேல்ஸ் அறக்கட்டளைகளின் ஆண்டுக் கணக்குகளை அறப்பணி ஆணையத்தின் பதிவேட்டில் எடுக்கலாம். இந்தியாவில் நிறுவனங்கள் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதியை எந்த மாநிலத்தில், எந்தத் துறையில் செலவிட்டன என்பது மத்திய அரசின் சி.எஸ்.ஆர். தளத்தில் இருக்கிறது. நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் உள்ள சி.எஸ்.ஆர். இணைப்பைப் படித்தால் பணம் எந்த அமைப்பின் வழியாகப் போனது என்பதும் தெரியும்.

சிறு அமைப்புகள் கவனிக்காமல் விடும் இன்னொரு வாசல் தூதரகங்கள். கனடாவின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதி, ஆஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டம், ஜப்பானின் அடித்தட்டு மனிதப் பாதுகாப்பு உதவி மூன்றும் வளரும் நாடுகளில் உள்ளூர் அமைப்புகளுக்கென்றே நடப்பவை. உங்கள் நாடு அந்த ஆண்டின் பட்டியலில் இருக்கிறதா என்று அந்தந்தத் தூதரகத் தளத்தில் பாருங்கள். ஜப்பானின் உதவி கட்டடம், கருவி போன்றவற்றுக்கே பெரும்பாலும் போகும், உங்கள் அலுவலர் சம்பளத்துக்குத் தர மாட்டார்கள். சுற்றுச்சூழல் வேலை என்றால் 1992-இல் தொடங்கிய உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. அதில் முடிவெடுப்பது அந்தந்த நாட்டின் குழுதான். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசிக்கும் இளைஞர்களுக்கு, ஒன்றியத்தின் இளைஞர் முயற்சியான ஐரோப்பிய ஒற்றுமைப் படையின் (யூரோப்பியன் சாலிடாரிட்டி கோர்) திட்டம் நல்ல தொடக்கம். 18 முதல் 30 வயதுக்குள் குறைந்தது ஐந்து பேர் சேர்ந்து, 2 முதல் 12 மாதம் வரை ஓடும் உள்ளூர்த் திட்டத்துக்குக் கேட்கலாம்.

பட்டியல் கையில் கிடைத்ததும் ஒரு விரிதாளில் எழுதுங்கள். ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் ஐந்து விஷயம்: அவர் வழக்கமாகக் கொடுக்கும் தொகை, இடம், பெறும் அமைப்புகளின் அளவு, புதிதாகப் பெற்றவர்கள் எத்தனை பேர், அடுத்த கடைசித் தேதி. வழக்கமான தொகையைப் பார்க்கும்போது சராசரி ஏமாற்றும், ஒரே ஒரு பெரிய தொகை அதைத் தூக்கிவிடும். தொகைகளை வரிசைப்படுத்தி நடுவில் வருவதைப் பாருங்கள். நீங்கள் கேட்கப்போவது அதை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்கட்டும். வருடாவருடம் அதே பதினைந்து அமைப்புகளுக்கே கொடுப்பவர் என்று தெரிந்தால், விண்ணப்பம் வரவேற்கிறோம் என்று எழுதியிருந்தாலும் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள்.

மிஞ்சுவது ஐந்தாறு பெயர்தான் இருக்கும். அதில் தொலைபேசி எண் கொடுத்திருப்பவர்களைக் கூப்பிடுங்கள். விவரக் குறிப்பில் ஏற்கெனவே உள்ளதைக் கேட்காமல், “எங்கள் திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு பயிற்றுநர் சம்பளம், அது உங்கள் விதிக்குள் வருமா?” என்பது மாதிரி ஒன்றிரண்டு குறிப்பான கேள்விகள் போதும். பத்து நிமிடப் பேச்சு ஒரு மாத வேலையை மிச்சப்படுத்தும்.

இந்தியாவில் கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது

2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை சி.எஸ்.ஆருக்குச் செலவிட வேண்டும். இதைப் பெற உங்கள் அமைப்பு வருமான வரித் துறையின் 12-ஏ, 80-ஜி பதிவுகளோடு சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் பதிந்து எண் வாங்கியிருக்க வேண்டும், 2021 ஏப்ரல் முதல் இதுதான் நடைமுறை. வேலையும் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ள ஏதேனும் ஒரு தலைப்பில் அடங்க வேண்டும். விண்ணப்பத்தில் அந்தத் தலைப்பை அட்டவணையில் உள்ள சொற்களிலேயே எழுதுங்கள், நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். குழுவுக்கு அது தேவைப்படும்.

“சி.எஸ்.ஆரில் நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது” என்று பலர் சொல்வார்கள். அந்த 5 சதவீத வரம்பு நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்துவதற்கு ஆகும் செலவுக்கானது. திட்டத்தை வடிவமைக்கவும் நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. ஆகவே உங்கள் களப் பணியாளர் சம்பளத்தை ஒளித்துவைக்காமல் திட்டச் செலவாகவே காட்டுங்கள். வெளிநாட்டு நிதியில் கணக்கு வேறு. அங்கே நிர்வாகச் செலவின் வரம்பு 2020 திருத்தத்துக்குப் பிறகு 20 சதவீதம்.

பட்ஜெட்

அனுபவமுள்ள மதிப்பீட்டாளர்கள் பலர் முதலில் புரட்டுவது பட்ஜெட் பக்கத்தைத்தான். அமைப்புக்குத் தன் வேலை தெரியுமா என்பது அங்கே தெரிந்துவிடும்.

வேலையிலிருந்து தொடங்கி எண்ணுங்கள். மாலை நேர இளைஞர் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். வாரம் 2 வகுப்பு, 40 வாரம், ஆக 80 வகுப்பு. வகுப்பு 2 மணி நேரம், தயாரிப்புக்கு அரை மணி சேர்த்தால் பயிற்றுநருக்கு 200 மணி நேரக் கூலி. ஒரு வகுப்புக்கு 25 பேர் என்றால் பொருள்களும் 25 பேருக்கு. விவரிப்பில் 80 வகுப்பு என்று எழுதிவிட்டு பட்ஜெட்டில் 160 மணி நேரம் போட்டிருந்தால், தயாரிப்பு நேரத்தை யார் கொடுப்பார்கள் என்ற கேள்வி வரும். விவரிப்பில் உள்ள ஒவ்வொரு எண்ணும் பட்ஜெட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணோடும் பேச வேண்டும்.

பொதுச் செலவைப் பங்கிட்டுச் சேருங்கள். ஒருங்கிணைப்பாளர் வாரம் 40 மணி நேரத்தில் 10 மணி நேரம் இந்தத் திட்டத்துக்கு என்றால் சம்பளத்தில் 25 சதவீதம் இதற்கு. அறை வாரம் 30 மணி நேரம் புழங்குகிறது, அதில் தயாரிப்பையும் சேர்த்து 5 மணி நேரம் இந்த வகுப்புகள் என்றால் வாடகை, மின்சாரத்தில் ஆறில் ஒரு பங்கு. இப்படிக் கணக்கோடு காட்டினால் யாரும் மறுப்பது அரிது. ‘இதர செலவுகள் 10 சதவீதம்’ என்று ஒரே வரியில் போட்டால் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். பொதுச் செலவையே போடாமல் விடுவது இன்னும் மோசம். திட்டம் ஜெயித்து, அதை நடத்திய அமைப்பு கடனில் விழும்.

பெரிய பொருள் எதற்கும் மூன்று விலைப்புள்ளி வாங்கி, தேதியோடு கோப்பில் வையுங்கள். இன்றைய விலையைப் போடாமல் வாங்கப்போகும் மாதத்தின் விலையைக் கணியுங்கள். விண்ணப்பத்துக்கும் பணம் வருவதற்கும் இடையே நான்கு முதல் ஆறு மாதம் ஓடுவது சாதாரணம். அந்த இடைவெளியில் வேலையைத் தொடங்கிவிட்டால், ஏற்கெனவே செய்த செலவைப் பெரும்பாலான நன்கொடையாளர்கள் ஏற்க மாட்டார்கள்.

பணம் எப்படி வரும் என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். தவணையாக வந்தால் கடைசித் தவணை இறுதி அறிக்கைக்குப் பிறகுதான் வரும். அதற்குள் நீங்கள் அந்தப் பங்கைக் கைப்பணத்திலிருந்து செலவழித்திருப்பீர்கள். செலவழித்த பிறகு பில் காட்டித் திரும்பப் பெறும் முறை என்றால், கையிருப்பு இல்லாத அமைப்பு அதைத் தொடவே கூடாது. நீங்களும் ஒரு பங்கு போட வேண்டும் என்றால், தன்னார்வலர் நேரத்தையும் இலவச அறையையும் பண மதிப்பாகக் கணக்கிட அனுமதி உண்டா என்று கேட்டு, உண்டென்றால் முதல் நாளிலிருந்தே வருகைப் பதிவேடு வையுங்கள்.

எழுதும்போது

தேவையை உங்கள் தெருவின் அளவுக்குச் சுருக்குங்கள். “இளைஞர்களிடையே வேலையின்மை பெருகிவருகிறது” என்று எழுதினால் அது எந்த ஊருக்கும் பொருந்தும். நீங்கள் பேசிய இளைஞர்கள் எத்தனை பேர், அவர்கள் என்ன கேட்டார்கள், இப்போது அவர்களுக்கு எது கிடைக்கவில்லை என்பதை எழுதுங்கள். இளைஞர் திட்டத்துக்கு மதிப்பீட்டாளர் கட்டாயம் தேடும் ஒன்று, முடிவெடுப்பதில் இளைஞர்களுக்கு இடம் உண்டா என்பது. திட்டக் குழுவில் எத்தனை இளைஞர்கள், எந்த முடிவு அவர்கள் கையில் என்று சொல்லுங்கள்.

செய்யும் வேலையையும் அதனால் வரும் மாற்றத்தையும் பிரித்து எழுதுங்கள். 80 வகுப்பு நடந்தது என்பது வேலை. 25 பேரில் 15 பேர் தாங்களாகவே வேலைக்கு விண்ணப்பிக்கத் தெரிந்துகொண்டார்கள் என்பது மாற்றம். அதை எப்படி அளப்பீர்கள் என்பதற்கு முதல் வகுப்பிலும் கடைசி வகுப்பிலும் கேட்கும் அதே ஐந்து கேள்விகள் போதும். எட்டு இலக்கு வைத்து எதையும் அளக்காமல் விடுவதைவிட இரண்டு வைத்து ஒழுங்காக அளப்பது மேல்.

இணையப் படிவத்தில் நேரடியாகத் தட்டாதீர்கள், பக்கம் காலாவதியாகி எழுதியது போய்விடும். தனிக் கோப்பில் எழுதி ஒட்டுங்கள். கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். அதற்குமுன், திட்டத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, யாருக்கு என்ன கிடைக்கும், எவ்வளவு செலவு என்று திருப்பிக் கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் மதிப்பீட்டாளரும் தடுமாறுவார்.

நிதி வாங்கித் தருகிறேன், கிடைத்ததில் இத்தனை சதவீதம் கொடுங்கள் என்று வருபவர்களை விட்டு விலகுங்கள். நிதி திரட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களின் அசோசியேஷன் ஆஃப் ஃபண்ட்ரைசிங் புரொஃபஷனல்ஸ் அமைப்பின் நெறிமுறையே சதவீதக் கூலியைத் தடை செய்கிறது. ‘உங்களுக்கு நிதி ஒதுக்கியாயிற்று, செயலாக்கக் கட்டணம் அனுப்புங்கள்’ என்று வரும் மின்னஞ்சல் மோசடியேதான்.

பதில் வந்த பிறகு

இல்லை என்று வந்தால் ஒரு வாரத்துக்குள் நன்றி சொல்லி, எந்த இடத்தில் குறைந்தது என்று கேளுங்கள். சிலர் மதிப்பெண்ணோடு சொல்வார்கள். அடுத்த சுற்றில் மறுபடி கேட்க எத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்பதையும் கேட்டு விரிதாளில் குறியுங்கள்.

கிடைத்துவிட்டால் ஒப்பந்தம் முழுவதையும் பொருளாளரும் ஒருங்கிணைப்பாளரும் சேர்ந்து படித்து, அறிக்கை தேதிகளை நாள்காட்டியில் ஏற்றுங்கள். இந்தத் தொகைக்குக் கணக்கில் தனிக் குறியீடு கொடுத்து, ஒவ்வொரு பில்லிலும் அந்தக் குறியீட்டையும் பட்ஜெட் வரி எண்ணையும் எழுதுங்கள். ஒரு தலைப்பில் மிச்சமானதை இன்னொரு தலைப்புக்கு மாற்ற வேண்டியிருந்தால் செலவழிக்கும்முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். கேட்காமல் மாற்றினால் தணிக்கையில் அந்தத் தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். பயிற்றுநர் பாதியில் விலகினாலும், வருகை எதிர்பார்த்ததில் பாதியாக இருந்தாலும் அறிக்கை நாள்வரை காத்திருக்காமல் அந்த மாதமே தெரிவியுங்கள். பில்களையும் வருகைப் பதிவேடுகளையும் ஒப்பந்தத்தில் சொன்ன வருடங்கள் முடியும்வரை, காகிதமாகவும் ஸ்கேனாகவும், இரண்டு பேருக்குத் தெரிந்த இடத்தில் வையுங்கள்.