அரைக்கம்பத்தில் கொடி: யார் சொல்லி இறக்கினீர்கள்?

அரசு துக்கம் அறிவிக்கும் நாட்களில் எங்கள் ஊரை ஒரு சுற்று சுற்றி வந்தால் தேசியக் கொடி நாலு விதமாகப் பறப்பதைப் பார்க்கலாம். ஒரு அலுவலகத்தில் உச்சியிலிருந்து ஒரு முழம் மட்டும் இறங்கி நிற்கும். பார்ப்பவருக்குக் கயிறு தளர்ந்துவிட்டது என்றுதான் தோன்றும். பக்கத்துப் பள்ளியில் காலையில் நேராகப் பாதி உயரத்துக்கு ஏற்றி அப்படியே கட்டிவிட்டிருப்பார்கள். இன்னொரு இடத்தில் துக்கக் காலம் முடிந்த பிறகும் கொடி இறங்கியபடியே கிடக்கும். உடற்கல்வி ஆசிரியராகப் பல வருடம் கொடிக்கம்பத்தடியில் நின்றவன் என்பதால் என் கண் தானாக அங்கே போய்விடுகிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் செய்கிற பிழைகள் ஒரு காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்தவைதான். ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் கொடி கட்டச் சொல்லித் தருகிறார்கள். துக்க நாளில் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

காவி மேலே இருக்க வேண்டும், கிழிந்த கொடியை ஏற்றக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## நாமாக முடிவு செய்து இறக்குவது

இதுதான் பெரிய தவறு. இன்றைக்கும் இதைக் கேள்விப்பட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு தனியார் பள்ளியில் நிறுவனர் இறந்துபோனார். ஊரே மதித்த மனிதர், பலருக்குப் படிப்பும் வேலையும் கொடுத்தவர். தாளாளர் அலுவலகத்திலிருந்து உடற்கல்வி ஆசிரியருக்கு போன் வந்தது: கொடியை அரைக்கம்பத்தில் விடுங்கள், பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அப்படியே இருக்கட்டும். அவரும் இறக்கினார். கொடி பாதிக் கம்பத்தில் நாள் கணக்கில் நின்றது. யாரோ செல்போனில் படம் எடுத்து ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு போட்டுவிட்டார்கள். விசாரணைக்கு வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "கயிற்றை இழுத்தது யார்?" போனில் சொன்னவர்களிடம் எழுத்தில் எதுவும் இல்லை. தொகுப்பூதியத்தில் இருந்த அந்த ஆசிரியர்தான் காவல் நிலையத்துக்கும் வருவாய்த் துறை அலுவலகத்துக்கும் நடந்து விளக்கம் எழுதிக் கொடுத்தார். பள்ளி நிர்வாகத்தில் ஒருவரும் கூடப் போகவில்லை. எனக்குக் கோபம் வருவது இதனால்தான். முடிவெடுப்பவர் ஒருவர், மாட்டிக்கொள்பவர் வேறொருவர். எங்கே நடந்தாலும் மாட்டிக்கொள்பவர் பி.டி. மாஸ்டராகவோ வாட்ச்மேனாகவோதான் இருக்கிறார்.

பிறகு அந்தப் பள்ளிக்காரர்களோடு பேசினேன். "அவருக்குக்கூட இந்த மரியாதை இல்லையா?" என்று கேட்டார்கள். அவர்கள் துக்கத்தில் பொய் இல்லை. ஆனால் தேசியக் கொடி அந்தப் பள்ளியின் துக்கத்துக்கோ என் துக்கத்துக்கோ உரியது இல்லை. நாடோ மாநிலமோ மொத்தமாகத் துக்கம் கொள்ளும்போது, அரசு உத்தரவு போட்டு இறக்குகிற கொடி அது. 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. அரசின் உத்தரவுப்படி பொதுக் கட்டடங்களில் அரைக்கம்பத்தில் பறக்கும் சமயங்களைத் தவிர, வேறு எப்போது அப்படிப் பறக்கவிட்டாலும் அது கொடிக்குச் செய்யும் அவமதிப்பு. தண்டனை மூன்று வருடச் சிறை வரை போகலாம், அபராதமும் உண்டு. மரியாதை செய்ய நினைத்து இறக்கியவர், சட்டத்தின் கண்ணில் அவமதித்தவர் ஆகிவிடுகிறார்.

யாருக்கு, எங்கே என்பதை இந்தியக் கொடி விதிமுறைகள் 2002 வரிசைப்படுத்தியிருக்கிறது. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர் ஆகியோர் மறைந்தால் நாடு முழுவதும். மக்களவைத் தலைவருக்கும் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கும் டெல்லியில். மத்திய கேபினட் அமைச்சருக்கு டெல்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும். ஆளுநருக்கும் முதலமைச்சருக்கும் அந்த மாநிலம் முழுக்க. மாநிலக் கேபினட் அமைச்சருக்கு மாநிலத் தலைநகரில் மட்டும். அதாவது தமிழ்நாட்டு அமைச்சர் ஒருவர் பதவியில் இருக்கும்போது மறைந்தால் இந்தப் பட்டியலின்படி சென்னையில்தான் கொடி இறங்கும். திருநெல்வேலியில் இருக்கிறவர் தனி உத்தரவு இல்லாமல் கயிற்றைத் தொடக் கூடாது.

பட்டியலில் இருப்பது பதவியில் இருக்கிறவர்கள் மட்டும். "முன்னாள்" என்ற சொல்லே அதில் கிடையாது. 2015இல் அப்துல் கலாமுக்கும், 2018இல் வாஜ்பாய்க்கும், 2024 டிசம்பரில் மன்மோகன் சிங்குக்கும் ஏழு நாள் கொடி இறங்கியது என்றால், ஒவ்வொன்றுக்கும் அரசு தனியாகத் துக்கம் அறிவித்ததுதான் காரணம். 2018இல் கலைஞர் மறைந்தபோது தமிழ்நாட்டில் ஏழு நாள் கடைப்பிடித்ததும் அப்படித்தான். எந்தப் பதவியிலும் இல்லாத லதா மங்கேஷ்கருக்கு 2022 பிப்ரவரியில் இரண்டு நாள் இறக்கியதும் அப்படித்தான். ஆள் எவ்வளவு பெரியவர் என்று நாம் எடை போட வேண்டியதில்லை. உத்தரவு இருக்கிறதா, எங்கிருந்து எதுவரை என்று அதில் என்ன எழுதியிருக்கிறது, இந்த இரண்டைப் பார்த்தால் போதும்.

மக்கள் உணர்ச்சிக்கு இடமே இல்லையா என்று சிலர் கேட்பார்கள். 1997இல் இளவரசி டயானா இறந்தபோது லண்டனில் இதே கேள்வி எழுந்தது. ராணி பக்கிங்ஹாம் அரண்மனையில் இருக்கும்போது மட்டுமே அங்கே அவருடைய கொடி பறக்கும், அதை அரைக்கம்பத்துக்கு இறக்கும் வழக்கமே கிடையாது. ராணி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்ததால் கம்பம் வெறுமையாக நின்றது, ஜனங்கள் கொதித்துப் போனார்கள். கடைசியில் இறுதிச் சடங்கு நாளான செப்டம்பர் 6 அன்று பிரிட்டனின் தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் ஏற்றினார்கள். வழக்கம் மாறியது உண்மை. அதை மாற்றியது அரண்மனை. வாசலில் நின்றவர்கள் யாரும் கயிற்றை இழுக்கவில்லை.

உங்கள் நிறுவனருக்கு மரியாதை செய்ய வழிகள் நிறைய இருக்கின்றன. பள்ளிக்கென்று தனிக் கொடி இருந்தால் அதை இறக்குங்கள். காலை வணக்கத்தில் மௌனம் அனுசரியுங்கள், படம் வைத்து மாலை போடுங்கள். மூவர்ணக் கொடி மட்டும் உச்சியில் இருக்கட்டும். நிர்வாகம் வற்புறுத்தினால் "எழுத்தில் கொடுங்கள் சார்" என்று கேளுங்கள். எழுதிக் கொடுக்க வேண்டும் என்றதும் பெரும்பாலும் அவர்களே யோசிப்பார்கள். எழுதியே கொடுத்தாலும் அரசாணை இல்லாமல் இறக்காதீர்கள்.

## செய்தியைப் பார்த்ததும் ஓடுவது

2016 டிசம்பர் 5 மாலை நினைவிருக்கும். முதலமைச்சர் ஜெயலலிதா காலமானதாகச் சில தொலைக்காட்சிகள் சொல்லிவிட்டன. கட்சித் தலைமை அலுவலகத்தில் கட்சிக் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் அதே கொடி திரும்ப உச்சிக்கு ஏறியது. அவர் உயிர் பிரிந்தது அன்றிரவு 11.30 மணிக்கு. வாசலில் காத்துக் கிடந்தவர்களை அந்த இறக்கமும் ஏற்றமும் என்ன பாடு படுத்தியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அது கட்சிக் கொடி, சட்டச் சிக்கல் இல்லை. பள்ளியிலோ அலுவலகத்திலோ தேசியக் கொடியை அப்படிச் செய்திருந்தால் பதில் சொல்லி மாளாது.

அவசரப்படத் தேவையும் இல்லை. மதியத்துக்கு மேல் மறைவுச் செய்தி கிடைத்தால் மறுநாளும் கொடி அரைக்கம்பத்தில் இருக்கும் என்று விதியே சொல்கிறது (மறுநாள் சூரிய உதயத்துக்குள் இறுதிச் சடங்கு முடிந்திருந்தால் மட்டும் விலக்கு). சாயங்காலம் டிவியைப் பார்த்துவிட்டு இருட்டில் ஓட வேண்டாம். ஆட்சியர் அலுவலகத்திலிருந்தோ முதன்மைக் கல்வி அலுவலரிடமிருந்தோ சுற்றறிக்கை வரட்டும். வாட்ஸ்அப்பில் வந்தால் தேதியைப் பாருங்கள். பழைய சுற்றறிக்கை மறுபடி சுற்றுவது சாதாரணமாக நடக்கிறது.

## உச்சியைத் தொடாமல் பாதியில் கட்டுவது

கொடி முதலில் உச்சிவரை போக வேண்டும். அங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். அப்புறம்தான் பாதிக்கு இறங்க வேண்டும். மாலையில் அவிழ்க்கும்போதும் பாதியிலிருந்து நேராகக் கீழே வரக் கூடாது. மறுபடி உச்சிக்கு ஏற்றி, அங்கிருந்து இறக்க வேண்டும். காலையில் சரியாகச் செய்கிறவர்கள்கூட மாலையில் இதை மறந்துவிடுகிறார்கள். பள்ளி விட்டதும் எல்லோருக்கும் பஸ் பிடிக்கிற அவசரம்.

இதில் இன்னொரு பிழையும் உண்டு. சுதந்திர தினப் பழக்கத்தில் கொடியை மடித்து, உள்ளே பூ வைத்து, சுருக்கு முடிச்சுப் போட்டு மேலே அனுப்பிவிடுகிறார்கள். துக்க நாளில் மூவர்ணத்திலிருந்து பூ உதிர்வதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அன்றைக்கு மடிப்பும் வேண்டாம், பூவும் வேண்டாம். விரித்த கொடியைக் கயிற்றில் கட்டி ஏற்றுங்கள்.

பாதி என்பது எது? கம்பத்தை இழுத்துப் பிடிக்கக் கம்பி கட்டியிருந்தால், உச்சிக்கும் அந்தக் கம்பி சேரும் இடத்துக்கும் நடு. கம்பி இல்லையென்றால் கம்பத்தின் பாதி. பிரிட்டனில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் நிறுத்துகிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்து இங்கேயும் மேலே நிறுத்திவிடுகிறார்கள். நான் சொல்கிற வழி சுலபமானது. வேலை இல்லாத ஒரு நாளில் கொடியைச் சரியாகப் பாதியில் நிறுத்தி, கயிற்றில் உங்கள் கைக்கு நேராக வரும் இடத்தில் சிவப்பு நூலைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். அப்புறம் யார் ஏற்றினாலும் நூல் கைக்கு வரும்போது நிறுத்தினால் போதும். அண்ணாந்து பார்த்து அளக்க வேண்டியதில்லை. அப்படியே கப்பி சுற்றுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மழையில் ஊறிய நூல் கயிறு பாதியில் சிக்கினால் அதை உச்சிக்கு ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது.

## அன்றைக்கென்று கொடி ஏற்றுவது

வேண்டாம். தினமும் கொடி பறக்கும் கட்டடங்களுக்குத்தான் துக்க உத்தரவு.

## ஜனவரி 30

காந்தி நினைவு நாளில் சில பள்ளிகள் கொடியை இறக்கி வைக்கின்றன. கொடி விதிமுறைகளில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. அன்றைக்கு அரசு கேட்டுக்கொள்வது காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம். அமெரிக்காவில் மே மாதக் கடைசித் திங்களன்று, போரில் இறந்தவர்களுக்காக நண்பகல் வரை அரைக்கம்பம், அதற்குப் பிறகு உச்சி என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஏப்ரல் 25 அன்றும் அப்படியே. நம் விதிகளில் நினைவு நாளுக்கென்று அரைக்கம்பம் கிடையாது. தலைவர்களின் நினைவு நாட்களுக்கும் இதுவே பொருந்தும்.

## கறுப்பு ரிப்பன்

கொடியில் கட்டாதீர்கள். அணிவகுப்பில் ஏந்திச் செல்லும் கொடிக்கு மட்டும், அதுவும் அரசு உத்தரவிட்டால், கம்பின் நுனியில் இரண்டு கறுப்புப் பட்டைகள் தொங்கவிடலாம். சட்டைக் கையில் குத்திக்கொள்வது உங்கள் விருப்பம்.

## ஆகஸ்ட் 15 குறுக்கே வரும்போது

குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி, மாநிலம் உருவான நாள், ஜாலியன்வாலா பாக் தியாகிகள் நினைவாக ஏப்ரல் 6 முதல் 13 வரையிலான தேசிய வாரம். துக்கக் காலம் இந்த நாட்களோடு மோதினால் கொடி உச்சியில்தான் பறக்க வேண்டும். உடல் வைக்கப்பட்டிருக்கும் கட்டடத்தில் மட்டும் அரைக்கம்பம், உடலை எடுத்ததும் அதுவும் உச்சிக்கு ஏறிவிடும். மத்திய அமைச்சராக இருந்த விலாஸ்ராவ் தேஷ்முக் 2012 ஆகஸ்ட் 14 அன்று சென்னை மருத்துவமனையில் காலமானார், மறுநாள் அவருடைய சொந்த ஊரில் இறுதிச் சடங்கு. இப்படி ஒரு நாள் வந்தால் கொடியேற்ற மேடையில் நிற்கிற ஆசிரியர் என்ன செய்வது என்று தடுமாறக் கூடாது. தேசிய வாரத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

## துக்கம் என்றால் விடுமுறையா?

இல்லை. விடுமுறைக்குத் தனி அறிவிப்பு வர வேண்டும்.

## பக்கத்துக் கம்பத்தை மறப்பது

தேசியக் கொடியைவிட உயரத்தில் வேறு கொடி பறக்கக் கூடாது. மூவர்ணம் பாதிக்கு வந்துவிட்டால் பக்கத்தில் இருக்கும் சாரணர் கொடியும் பள்ளிக் கொடியும் தானாகவே மேலே போய்விடுகின்றன. அவற்றை முதலில் இறக்கிக் கழற்றி வைத்துவிட்டு, பிறகு தேசியக் கொடிக்கு வாருங்கள்.

## ராணுவ வீரரின் உடல் ஊருக்கு வரும்போது

ஊரில் எல்லோரும் அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் பள்ளியில் பறக்கும் தேசியக் கொடியையும் இறக்கச் சொல்லி ஆட்கள் வருவார்கள். அந்த வீரருக்கான கொடி அவருடைய பெட்டியின் மேலேயே இருக்கிறது என்று பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். காவி நிறம் தலைப் பக்கம் வரும்படி அதைப் போர்த்தியிருப்பார்கள். குழியில் இறக்குவதற்கு முன்போ சிதையில் வைப்பதற்கு முன்போ அதை எடுத்துவிட வேண்டும். கொடி மண்ணுக்குள் போகவோ எரியவோ கூடாது. கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டு யாராவது "அவரோடயே போகட்டும்" என்று தடுத்தால், அங்கே வந்திருக்கும் படையினர் முறைப்படி மடித்துக் குடும்பத்தாரிடம் கொடுக்க வழிவிடச் சொல்லுங்கள்.

## கடைசி நாளை விட்டுவிடுவது

உத்தரவில் கடைசித் தேதி இருக்கும். கலாமுக்கு 2015 ஆகஸ்ட் 2 வரை, வாஜ்பாய்க்கு 2018 ஆகஸ்ட் 22 வரை. இறக்கும் நாளில் இருக்கிற கவனம் இந்த நாளில் இருப்பதில்லை. இடையில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பொறுப்பாளர் ஊருக்குப் போயிருப்பார், கொடி பாதியிலேயே நிற்கும். உத்தரவு கைக்கு வந்த அன்றே கடைசித் தேதியையும், அன்றைக்குக் கயிற்றைப் பிடிக்கப் போகிறவர் பெயரையும் பதிவேட்டில் எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சுற்றறிக்கையின் நகலும் அதே பக்கத்தில் ஒட்டியிருக்கட்டும்.