"அதை மாத்துங்க" என்றால் எதை?

முன்பதிவு செய்யும் சாட்பாட் ஒன்றை எழுதினேன். ஒற்றைக் கேள்விக்கு நன்றாகவே பதில் சொன்னது. ஆனால் ஒருவர் "செவ்வாய் பத்து மணிக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியில் "வேண்டாம், அதைப் புதனுக்கு மாத்துங்க" என்றதும், "எதை மாற்ற வேண்டும்?" என்று திருப்பிக் கேட்டது. அந்த உரையாடலின் பதிவைப் படித்தபோது எனக்கே வலித்தது.

முதலில் பதில் வாக்கியங்களைத்தான் மெருகேற்றினேன், பயனில்லை. கோளாறு வேறு இடத்தில். ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக, பதிலை எழுதித் தரும் மொழி மாடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். மொழி மாடலுக்குத் தானாக நினைவு கிடையாது. முந்தைய பேச்சை நாம்தான் ஒவ்வொரு முறையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அனுப்பியதும் "அதை" புரிந்துவிட்டது. ஆனால் பேச்சு நீண்டால் பழைய நாளையும் புதிய நாளையும் குழப்பியது. அதனால் நாள், நேரம், பெயர் மூன்றையும் தனியாகக் குறித்துவைத்து, திருத்தம் வந்தால் அதை மட்டும் மாற்றினேன். தமிழுக்கு இது மிகவும் தேவை. எழுவாயையும் செயப்படுபொருளையும் நாம் சர்வசாதாரணமாக விட்டுவிடுவோம்; "மாத்திடுங்க" என்பதே முழு வாக்கியம்.

(ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட எலைசா என்ற ஆரம்பகால சாட்பாட், நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போட்டு ஆட்களைப் பேசவைத்தது. முன்பதிவுக்கு அந்த உத்தி உதவாது.)

அடுத்து, "மன்னிக்கவும், புரியவில்லை" என்ற பதிலைத் தூக்கினேன். தெரிந்ததைச் சொல்லி, விடுபட்டதை மட்டும் கேட்கவைத்தேன்: "புதன்கிழமை சரி. அதே பத்து மணியா?"

"ஆமா" என்று பதில் வந்தது.