பரங்கிப் பிஞ்சு உதிர்கிறதா? கையாலேயே மகரந்தம் சேர்க்கலாம்

கொடி நன்றாகப் படர்கிறது, பூவும் நிறைய வருகிறது, ஆனால் பிஞ்சு எலுமிச்சை அளவு வந்ததும் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. முதன்முதலாகப் பரங்கி போட்டவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். உடனே கூடுதலாக உரம் வைப்பார்கள், இல்லையென்றால் பூச்சிமருந்து அடிப்பார்கள். மருந்து அடிப்பதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு, ஏனென்றால் அந்தப் பிஞ்சைக் காப்பாற்ற வேண்டிய தேனீயே அதில் செத்துப்போகிறது.

பூவுக்குக் கீழே உருண்டையாகத் தெரிவது இன்னும் காயாகவில்லை. அது சூலகப்பை. உள்ளே, விதையாக மாற வேண்டிய நூற்றுக்கணக்கான சூல்கள் மகரந்தத்துக்காகக் காத்திருக்கின்றன. மகரந்தம் வராவிட்டால் கொடி அதை உதிர்த்துவிடும். தேனீ வராத இடத்தில் அந்த வேலையை நாமே செய்யலாம். ஒரு பூவுக்கு இரண்டு நிமிடம் போதும்.

1. ஆண் பூ எது, பெண் பூ எது

பரங்கியில் இரண்டு வகைப் பூவும் ஒரே கொடியில் வரும். ஆண் பூவின் காம்பு மெலிந்து நீளமாக இருக்கும். இதழ்களுக்கு நடுவில் மஞ்சள் பொடி அப்பிய ஒற்றைத் தண்டு நிற்கும். பெண் பூவின் காம்பு குட்டை; பூவுக்கு அடியிலேயே பிஞ்சு தெரியும். உள்ளே பார்த்தால் தண்டுக்குப் பதிலாக, ஒவ்வொன்றும் நடுவில் பிளந்த மூன்று தடித்த மடல்கள் இருக்கும். அதுதான் சூலகமுடி. தொட்டால் பிசுபிசுக்கும்.

முதலில் ஆண் பூக்கள் மட்டுமே வரும், அதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். பெண் பூ பின்னால் வரும், எண்ணிக்கையிலும் குறைவு. தழைச்சத்து அதிகமாகிவிட்டால் கொடி இலையாகவே ஓடும், அந்தச் சமயத்தில் உரத்தைக் குறையுங்கள்.

தாவரத்திலும் ஆண், பெண் உறுப்புகள் உண்டு என்பதைச் சோதனை செய்து காட்டியவர் ஜெர்மனியின் கமெராரியஸ். 1694-இல் அதை எழுதி வெளியிட்டார். ஆண் பூக்களை நீக்கிவிட்டால் முளைக்கும் விதை உருவாவதில்லை என்பதை ஆமணக்கு போன்ற செடிகளில் கண்டார். உங்கள் கொடியில் உதிரும் பிஞ்சும் அதே பாடத்தைத்தான் சொல்கிறது.

2. முந்தைய மாலையே பார்த்து வையுங்கள்

பரங்கிப் பூ விடியும் நேரத்தில் விரியும், வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். அதற்கு ஆயுள் ஒரே காலைதான். ஆகவே மறுநாள் விரியப்போகும் மொட்டை மாலையிலேயே கண்டுபிடிக்க வேண்டும். நுனி பச்சை மாறி மஞ்சளாகியிருந்தால் அது நாளைக்கான மொட்டு.

காய் மட்டும் போதும் என்றால் இந்தப் படி இத்தோடு முடிந்தது. விதையும் எடுத்து வைக்கப்போகிறீர்கள் என்றால், பெண் மொட்டு ஒன்றையும் ஆண் மொட்டு இரண்டையும் நுனியில் நூலால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். வேறு கொடியின் மகரந்தத்தோடு வண்டு உள்ளே நுழையாது.

(சுரையும் பீர்க்கும் மாலையில் விரியும் பூக்கள். அவற்றுக்கு இதே வேலையைப் பொழுது சாயும்போது செய்ய வேண்டும்.)

3. காலையில் மகரந்தம் சேர்ப்பது

சூரியன் உதித்த ஓரிரு மணி நேரத்துக்குள் செய்துவிடுங்கள். ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களைக் கிழித்து எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது நடுத்தண்டு மட்டும். விரலால் மெல்லத் தொட்டால் மஞ்சள் பொடி ஒட்ட வேண்டும். பரங்கி மகரந்தம் மிகப் பெரியது, முள்முள்ளாக இருக்கும், பசையும் உண்டு. அதனால்தான் காற்றில் பறந்து போகாது, யாராவது சுமந்து வர வேண்டியிருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் ஒவ்வொரு துகளும் தனித்தனியாகத் தெரியும்.

அந்தத் தண்டைப் பெண் பூவின் மூன்று மடல்களிலும் சுற்றிச் சுற்றித் தடவுங்கள். ஒரு மடலையும் விடாதீர்கள். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ வைத்துக்கொள்வது நல்லது. பிரஷ் தேவையில்லை, பாதி மகரந்தம் அதிலேயே தங்கிவிடும். விதைக்கான பூவாக இருந்தால் இதழ்களை மறுபடி மூடிக் கட்டி, காம்பில் ஒரு நாடா கட்டித் தேதி எழுதி வையுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

விலங்குகளில் விந்தணு நீந்திப் போய் முட்டையைச் சேரும். பூக்கும் தாவரத்தின் ஆண் செல்லுக்கு நீந்தத் தெரியாது. அதனால் மகரந்தத் துகள் சூலகமுடியில் ஒட்டியதும் முளைத்து, மெல்லிய குழாய் ஒன்றைக் கீழே சூல் வரைக்கும் வளர்க்கிறது. அதன் வழியாக இரண்டு ஆண் செல்கள் இறங்குகின்றன. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது, மற்றொன்று கருவுக்கு உணவாகும் கருவூணை உருவாக்குகிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898-இல் ரஷ்யாவின் நவாஷின் லில்லி வகைப் பூக்களில் கண்டுபிடித்தார்.

ஒரு விதை உருவாக ஒரு மகரந்தத் துகள் வேண்டும். வளரும் விதைகள் அனுப்பும் ஆக்சின் போன்ற வளர்ச்சிப் பொருள்கள்தான் சுற்றியுள்ள சதையைப் பருக்க வைக்கின்றன. விதை நிறைய இருக்கும் பக்கம் பருக்கும், இல்லாத பக்கம் சூம்பும். கோணலான காயை வெட்டிப் பாருங்கள், சூம்பிய பக்கத்தில் தட்டையான பொக்கு விதைகள் இருக்கும். எல்லா மடலிலும் தடவச் சொன்னது இதற்காகத்தான்.

4. பிடித்ததா என்று தெரிந்துகொள்வது

இதழ் வாடி விழுவது இயல்பு. பிஞ்சைக் கவனியுங்கள். ஒரு வாரத்துக்குள் அது பச்சை மாறாமல், பளபளப்போடு, கண்ணுக்குத் தெரிகிற அளவு பருத்திருந்தால் பிடித்துவிட்டது. நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கினால் பிடிக்கவில்லை. சரியாகச் செய்தும் சில பிஞ்சு விழும்; கொடியில் ஏற்கெனவே காய்கள் பெருத்துக்கொண்டிருந்தால் புதியதைத் தாங்க முடியாமல் அதுவே கழித்துவிடும்.

5. விதைக்கு விடுவது

காம்பு கட்டைபோல் இறுகி, தோலில் நகம் இறங்காத நிலை வரும்வரை கொடியிலேயே விடுங்கள். பறித்த பிறகும் சில வாரம் வைத்திருந்து வெட்டினால் விதை இன்னும் திரளும். கழுவி, நிழலில் உலர்த்துங்கள். ஒரு விதையைத் தோலுரித்துப் பிளந்தால் இரண்டு வெள்ளைப் பருப்புகள் பிரியும், அவைதான் வித்திலைகள். கருவூணிலிருந்த உணவு இவற்றுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. கூர் முனையில் துளியூண்டு வேர்முனை இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. அழகுக்கு வளர்க்கும் கசப்புப் பூசணிகளோடு கலப்பான விதையில் வரும் காய் கசக்கலாம். அந்தக் கசப்பு நஞ்சு, சமைத்தாலும் போகாது. நாக்கில் வைத்ததும் கசந்தால் துப்பிவிட்டு, காயைத் தூக்கி எறியுங்கள்.

விதைக்கும்போது படுக்கை வசமாக, இரண்டு செ.மீ. ஆழத்தில் வையுங்கள். முளையின் அடியில் சிறு கொக்கி ஒன்று உருவாகி விதைத்தோலின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வளைந்த தண்டு நிமிரும்போது வித்திலைகள் தோலிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வரும். தோல் தலையிலேயே மாட்டியிருந்தால் காய்ந்த நிலையில் பிய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து, ஊறியதும் மெல்லக் கழற்றிவிடுங்கள்.