இத்தாலியின் பதுவா நகர மருத்துவ மாநாட்டுக்குச் சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு

முதல் சிக்கல் இனிஷியலில்தான் வரும். மாநாட்டுப் பதிவில் ‘எஸ். குமார்’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து எழுதியிருக்கும். அழைப்புக் கடிதம், காப்பீடு, டிக்கெட் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் பெயர் இருக்கட்டும். இல்லாவிட்டால் விசா கவுன்டரில் விளக்கம் சொல்லியே பொழுது போய்விடும்.

வேண்டியது ஷெங்கன் விசா, அதாவது இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா. ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம், கடைசி மாதம்வரை விடாதீர்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகும் பாஸ்போர்ட் 3 மாதம் செல்ல வேண்டும், 2 பக்கம் காலியாக இருக்க வேண்டும்.

மாநாட்டில் மாட்டும் ஆய்வுப் போஸ்டரைத் துணியில் அச்சடித்து மடித்துப் பெட்டியில் வையுங்கள். குழாயைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ஏ0 அளவு 84.1 x 118.9 செ.மீ.; நிற்கும் வாக்கா, படுக்கை வாக்கா என்று கேட்டுவிட்டே அச்சுக்குக் கொடுங்கள். மாற்றி அடித்தால் பலகையில் அடங்காது.

வெனிஸில் இறங்கினால், நகர ரயில் நிலையத்திலிருந்து பதுவா ரயிலில் அரைமணி தூரம்தான். பிராந்திய ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் பிளாட்பார இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள், மறந்தால் அபராதம். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் அவசியம்.

பதுவாவில் இருப்பது 1222-இல் தொடங்கிய பல்கலைக்கழகம். 1595-இல் கட்டிய உடற்கூறு அரங்கம் (உடலை அறுத்துப் பாடம் நடத்திய இடம்) பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடமான பலாஸோ போவில் இருக்கிறது. ரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வி 1602-இல் பட்டம் பெற்றதும் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான். அரங்கத்துக்குள் வழிகாட்டியோடு மட்டுமே விடுவார்கள், முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.